நம்மவர்கள் இந்த ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை பார்ப்பவர் ஒருவர், “வெளியிலிருந்து வருகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சிங்கப்பூருக்கு என்ன செய்தார்கள்?” என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். பதில் தெரியாமல் சும்மா இருந்துவிட்டீர்களாம். உண்மையிலேயே நம்மவர்கள் இங்கே என்னதான் செய்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த மனிதர்மேல் கோபம் வேண்டாம். வீட்டு விலை, பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்குமா என்ற யோசனை எல்லாம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இருக்கிறது. அது நியாயமான கவலைதான். அவரிடம் வாதாடப் போகாதீர்கள். அவருடைய தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள். இங்கே அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் கப்பலேறி வந்த ஒருவர் இருப்பார். பேச்சு தானாக நல்ல பக்கம் திரும்பும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போய் வாருங்கள். 1856இல் கட்ட ஆரம்பித்த கட்டடம். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனைக்காக நாடு கடத்தப்பட்ட கைதிகள். உள்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்புக்காரை. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச்சர்க்கரை இவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுப் பக்குவம் பார்த்துப் பூசி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்களே, அந்த வழவழப்பு வருவதற்கான வேலை இது. எத்தனை கை நோகத் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பிசையும்.

அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அந்தக் கைதிகளின் உழைப்புதான். 1869இல் கட்டி முடித்தார்கள். சாலை போட்டதும், சதுப்பு நிலத்தைத் திருத்தியதும், செங்கல் சுட்டதும் அவர்களே. வங்காளம், பம்பாய், மெட்ராஸ் என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், எல்லாரையும் தமிழர் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. நாராயண பிள்ளை 1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் பினாங்கிலிருந்து வந்த கப்பலில் கூடவே வந்தவர். இந்த ஊரின் முதல் செங்கல் சூளையை வைத்தது அவர்தான். இடையில் கடை தீயில் எரிந்து, கடனாளியாகி, திரும்ப எழுந்து நின்றார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நீங்கள் கும்பிடப் போகும் மாரியம்மன் கோயிலுக்கு 1827இல் அடிபோட்டவரும் அவரே. 2019இல் ராஃபிள்ஸ் வந்ததன் இருநூறாண்டு நினைவு வந்தபோது ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கும் சிலை வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கோ. சாரங்கபாணி திருவாரூரிலிருந்து பிழைக்க வந்த இளைஞர். 1935இல் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார், இன்றும் அது வந்துகொண்டிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார், சாதாரணத் தொழிலாளிகளும் அதில் காசு போட்டார்கள். நம்மவர்கள் ஊர் நினைப்பிலேயே இருந்த காலத்தில், இங்கேயே குடியுரிமை எடுங்கள் என்று மன்றாடியவரும் அவர். தமிழ் இன்று நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சட்டைப்பையில் இருக்கும் ஒரு வெள்ளி (டாலர்) காசை எடுத்துப் பார்த்தால் ‘சிங்கப்பூர்’ என்று நம் எழுத்திலேயே இருக்கும். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை, தம்பி. இந்த மண்ணில் வேலை செய்து, பேசி, கேட்டு வாங்கியது.

அப்புறம் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். நாளைக்கு உங்கள் பிள்ளை இங்கே பள்ளியில் சேர்ந்தால் காலையில் காதில் விழப்போகும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதிக்கொடுத்தவர்.

ஆனால் பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்காது. நம் அடுக்குமாடிப் பேட்டைகளையும், எம்ஆர்டி ரயில் சுரங்கங்களையும், கப்பல் பட்டறைகளையும் யார் கட்டினார்கள்? லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற தம்பிமார்கள். 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு பெண் காரோடு பள்ளத்துக்குள் போய்விட்டார். பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள் ஓடிப்போய்க் கயிற்றை வீசி, சில நிமிடங்களில் அவரை மேலே இழுத்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர், இருபது ஆண்டுக்கு மேல் இங்கே உழைப்பவர். அதே வருடம் ஏப்ரலில் ரிவர் வேலி ரோட்டில் தீப்பிடித்த கடைவீட்டிலிருந்து பிள்ளைகளைச் சாரம் வைத்து ஏறி இறக்கியவர்களிலும் இப்படிப்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். நாடே நன்றி சொன்னது, சரிதான். என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிரைக் காப்பாற்றினால்தான் மதிப்பு என்று ஆகிவிடக் கூடாது. அந்த ஏழு பேரும் முந்தின நாள் செய்த கட்டுமான வேலையும் இந்த நாட்டுக்குச் செய்த தொண்டுதான். அவர்களில் பலர் வேலை பெர்மிட் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போகவேண்டியவர்கள். போன பிறகும் அவர்கள் கட்டியது இங்கே நிற்கும்.

உங்கள் பங்கு என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்கிற வேலையை நேர்மையாகச் செய்தாலே பாதி ஆயிற்று. மீதிக்கு நேரம் இருந்தால் வழி நிறைய. சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பில் உதவத் தொண்டூழியர்கள் தேவைப்படுவார்கள், கணக்கு நன்றாக வரும் என்றால் கேட்டுப் பாருங்கள். ரத்ததானம் செய்யலாம். உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் எட்டிப் பாருங்கள், சீனப் பாட்டி, மலாய்க்கார அண்ணன் எல்லாரும் அங்கேதான் பழக்கமாவார்கள். ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா, தீவு முழுக்க நிகழ்ச்சி நடக்கும். மேடையில் பேசுகிறவர்களைவிட நாற்காலி போட, மைக் செட் பார்க்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதற்குப் பெயர் கொடுங்கள், நானும் எங்கள் வட்டாரத்தில் அந்த வேலையில்தான் இருப்பேன்.