ஷரீஅத்தும் ஃபிக்ஹும் ஒன்றா?

"கீழக்கரையில் கணவாய் (ஸ்க்விட்) சாப்பிடுகிறார்கள், ஹனஃபி என்ற சட்டப் பிரிவைப் பின்பற்றும் என் நண்பர் கூடாது என்கிறார், இஸ்லாத்தில் இரண்டு சட்டமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. ஈமானின் 6 நம்பிக்கைகள், கலிமா என்ற உறுதிமொழி, தொழுகை, நோன்பு, ஜகாத் என்ற கட்டாய தானம், ஹஜ் என்ற 5 கடமைகள், இதிலெல்லாம் இரு தரப்பும் ஒன்றுதான். ஷரீஅத் இறைவன் காட்டிய வழி. அதைக் குர்ஆன், நபிகளாரின் சொல், செயல்களின் பதிவான ஹதீஸ், அறிஞர்களின் ஒருமித்த முடிவான இஜ்மா, தெரிந்த சட்டத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் கியாஸ் இவற்றைக் கொண்டு மனிதர்கள் புரிந்துகொண்டது ஃபிக்ஹ், வேறுபாடு வருவது இங்கேதான். கடல் வேட்டை ஆகுமானது (ஹலால்) என்று குர்ஆன் 5:96 சொல்வதை ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) விரிவாக எடுத்துக்கொள்கிறது, எங்கள் கரையில் பெரும்பாலும் அதுதான். ஹனஃபியில் மீன் மட்டும்தான் ஆகும், கணவாயை அவர்கள் மீனாகக் கொள்வதில்லை. சரி, யார் தவறு? இருவருமே இல்லை. நண்பர் விருந்துக்கு வந்தால் அவருக்குச் சீலா மீன் வையுங்கள்.