சுருளும் இடமும்: ஸ்டீல் கிட்டார் பிக்கப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மடியில் கிடத்தி வாசிக்கும் ஆறு தந்தி ஸ்டீல் கிட்டார் ஒன்றை நானே செய்து, தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப்பையும் நானே சுற்றியிருக்கிறேன். தந்தியின் நீளம் 571.5 மில்லிமீட்டர், அதாவது 22.5 அங்குலம். பிக்கப்பில் 43 கேஜ் எனாமல் கம்பியால் 12,000 சுற்றுகள் சுற்றினேன். மின்தடை 14 கிலோஓம் காட்டுகிறது. சுருளின் நடுவே ஓர் இரும்புப் பட்டையும் அதன் அடியில் நியோடிமியம் காந்தங்களும் இருக்கின்றன. பார்வைக்கு நன்றாக இருந்ததால் தந்திகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜிலிருந்து 70 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினேன். ஒலி உரக்க வருகிறது. ஆனால் தந்திகள் மேல் வழுக்கும் உருக்குத் துண்டான பாரை 12ஆம் கட்டத்துக்குக் கொண்டு சென்றால் நாதம் மங்குகிறது. 24ஆம் கட்டத்தை நெருங்கும்போது வெற்றுக் குழாயில் ஊதியது போல ஆகிவிடுகிறது, நீடிப்பதும் இல்லை. கிட்டாரின் உடலை விரலால் தட்டினால் அந்தச் சத்தமும் ஸ்பீக்கரில் கேட்கிறது. சுற்றுகளை 15,000 ஆக்கி, இன்னும் வலுவான காந்தம் வைத்தால் இவை சரியாகுமா?

தங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அளவுகள் அனைத்தையும் எழுதியதற்கு முதலில் நன்றி. அவை இல்லாதிருந்தால் ஊகமாக மட்டுமே பதில் சொல்லியிருக்க முடியும். சுற்றுகளையும் காந்தத்தையும் கூட்ட வேண்டாம். இரண்டும் நீங்கள் சொல்லும் குறைகளை வளர்க்கவே செய்யும். இப்போது இருக்கும் சுருளில் ஒரு சுற்றைக்கூட மாற்றாமல், அது இருக்கும் இடத்தை முதலில் மாற்றிப் பாருங்கள்.

காந்தம் தனக்கு மேலே உள்ள தந்தியைச் சிறு காந்தமாக்குகிறது. அந்தத் தந்தி ஆடும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது; மாறும் வேகத்துக்கு ஏற்பச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலுக்கு அப்பால் இதில் எதுவும் இல்லை. ஆகவே பிக்கப் முழுத் தந்தியையும் கேட்பதில்லை; தனக்கு நேர் மேலே இருக்கும் சிறு பகுதி எப்படி ஆடுகிறதோ அதை மட்டுமே கேட்கிறது. தந்தி நான்கு சம பாகங்களாகப் பிரிந்து ஆடும்போது எழுவது நான்காம் சீரிசை. அந்தப் பாகங்கள் சந்திக்கும் கணுவில் தந்தி அந்தச் சீரிசைக்காக அசைவதே இல்லை. கணுவுக்கு அடியில் பிக்கப் இருந்தால் அந்தச் சீரிசை தந்தியில் எவ்வளவு வலுவாக ஒலித்தாலும் ஸ்பீக்கருக்கு வந்து சேராது.

இதை உங்கள் கிட்டாரின் அளவுகளோடு பொருத்திப் பாருங்கள். பார் 12ஆம் கட்டத்தில் இருக்கும்போது ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 286 மில்லிமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 71.4 மில்லிமீட்டர். உங்கள் பிக்கப் 70இல் இருக்கிறது. அதாவது நான்காம் சீரிசையின் கணுவுக்கு அடியிலேயே அதை வைத்திருக்கிறீர்கள். 24ஆம் கட்டத்தில் ஒலிக்கும் நீளம் 143 மில்லிமீட்டராகக் குறைகிறது. இப்போது அதே 70 மில்லிமீட்டர் தந்தியின் நடுப்புள்ளியை ஒட்டி வந்துவிடுகிறது. நடுப்புள்ளி இரண்டாம், நான்காம், ஆறாம் சீரிசைகள் அனைத்துக்கும் கணு. இரட்டைப்படைச் சீரிசைகள் ஒட்டுமொத்தமாக விழுந்து ஒற்றைப்படை மட்டும் எஞ்சும்போது கேட்பதுதான் நீங்கள் எழுதிய அந்த வெற்றுக் குழாய் ஓசை. அதை இவ்வளவு துல்லியமான சொல்லால் குறித்த உங்கள் காதைப் பாராட்டுகிறேன்.

சாதாரணக் கிட்டாரிலும் விரல் ஏற ஏறத் தந்தி குறுகத்தான் செய்கிறது. ஆனால் ஸ்டீல் கிட்டாரில் கட்டங்கள் வெறும் கோடுகள். பார் அவற்றைத் தாண்டியும் வழுக்கிச் செல்கிறது, 24ஆம் கட்டம் அங்கே அன்றாட இடம். அந்த உயரத்திலும் தந்தியின் நடுப்பகுதிக்கு வராமல் இருக்க வேண்டுமென்றால் பிக்கப் பிரிட்ஜை ஒட்டியே நின்றாக வேண்டும். 25 மில்லிமீட்டரில் வைத்தால், திறந்த தந்தியில் அது 23இல் ஒரு பங்கு, 12ஆம் கட்டத்தில் ஏறத்தாழ 11இல் ஒரு பங்கு, 24இல் 6இல் ஒரு பங்கைச் சற்றே தாண்டினாலும் 5இல் ஒரு பங்கை எட்டாத அளவுக்கு அருகில்தான் இருக்கும். முதல் ஐந்து சீரிசைகளும் எல்லா இடத்திலும் கேட்கும். அதற்கான விலை, பிரிட்ஜ் அருகே தந்தியின் ஆட்டம் சிறியது என்பதால் ஒலி சற்றுக் குறைவதும் அடிச்சுரம் மெலிவதும். அந்த விலையை நான் மனமுவந்து கொடுப்பேன், ஏனென்றால் அடிச்சுரத்தை ஆம்ப்ளிஃபயரில் ஓரளவு கூட்டிக்கொள்ளலாம். பிக்கப் கேட்காமல் விட்ட சீரிசையை எந்தத் திருகாலும் வரவழைக்க முடியாது.

நாதம் நீடிக்காததற்கும் இதே இடம்தான் பெரும்பாலும் காரணம். வலுவான காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் மேலும் கீழுமாக ஆடும் ஆட்டத்தின் அதிர்வெண், பக்கவாட்டு ஆட்டத்தின் அதிர்வெண்ணிலிருந்து சற்று விலகி, சுரம் அலைபாய்ந்து விரைவில் தேய்கிறது. தந்தி விறைப்பாக நிற்கும் பிரிட்ஜ் ஓரத்தில் இந்த இழுப்பு பெரிதாக உறைக்காது. நீங்களோ 24ஆம் கட்டத்தில், தந்தி மிக அதிகமாக ஆடும் நடுப்புள்ளியில் நியோடிமியத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். இடத்தை மாற்றிய பிறகும் தேய்வு இருந்தால், காந்தத்துக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ஒவ்வொரு அட்டைத் துண்டாகச் செருகிப் பாருங்கள். வலு குறைந்த அல்னிகோ காந்தம் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய, செலவில்லாத சோதனை இது.

ஜார்ஜ் பீச்சாம்ப் இந்தப் பாதையில் நமக்கு முன்னே நடந்தவர். அவர் முதலில் முழுக் கிட்டார் ஒன்றைச் செய்யவில்லை. ஒரு மரக்கட்டையில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, கிராமஃபோனின் பிக்கப்பை வைத்துச் சோதித்தார் என்றும், பின்னர் சுருளைச் சுற்றச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. அவரும் கூட்டாளி அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, வாணலி என்று பட்டப்பெயர் பெற்ற அலுமினிய ஸ்டீல் கிட்டாரில், இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளை மேலும் கீழுமாக அணைத்து நிற்கும். சுருள் அடியில் இருக்கும். 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் அவருக்குக் கிடைத்தது. நியோடிமியத்தோடு ஒப்பிட்டால் மிக மெலிந்த அந்த உருக்குக் காந்தங்களிலிருந்து வந்த நாதத்தை இன்றும் பலர் தேடி அலைகிறார்கள் என்பதை, வலுவான காந்தம் வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பேன்.

நீங்களும் அப்படி ஒரு சோதனைக் கட்டை செய்துகொள்ளுங்கள். உங்கள் கிட்டாரின் அதே நீளத்தில் ஒரு தந்தி, அதற்கு அடியில் பிக்கப் முன்னும் பின்னும் நகர ஒரு நீண்ட பள்ளம், பக்கத்தில் ஓர் அளவுகோல் போதும். 20 மில்லிமீட்டரிலிருந்து ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஒவ்வோர் இடத்திலும் திறந்த தந்தி, 12, 19, 24 ஆகியவற்றை ஒரே நகத்தாலும் ஒரே விசையாலும் மீட்டிப் பதிவு செய்யுங்கள். தந்திக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது. நான் தொடக்கத்தில் இடத்தையும் இடைவெளியையும் ஒருசேர மாற்றிவிட்டு, எது எதைச் செய்தது என்று தெரியாமல் பல வாரங்களை இழந்திருக்கிறேன்.

இனி சுற்றுகள். மின்தடை எண்ணை ஒலியின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே 12,000 சுற்றுகளைச் சற்றுத் தடித்த 42 கேஜில் சுற்றியிருந்தால் ஏறத்தாழ 11 கிலோஓம்தான் காட்டியிருக்கும். அறையின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடிவிடும். ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது சுருளின் தன்மின்தூண்டலும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்), சுருளிலும் கேபிளிலும் உள்ள மின்தேக்குத்திறனும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு. அந்த அதிர்வெண்ணுக்கு மேலே ஒலி சரிந்துவிடும். மின்னழுத்தம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறது. தன்மின்தூண்டலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 8,000 சுற்றுகள் 3 ஹென்றி தருவதாகவும், கேபிளோடு சேர்ந்த மின்தேக்குத்திறன் 600 பிகோஃபாரட் என்றும் கொண்டால், ஒத்ததிர்வு 3,750 ஹெர்ட்ஸ் அருகே அமையும். அதே சுருளை 12,000 ஆக்கினால் 2,500க்கும், 15,000 ஆக்கினால் 2,000க்கும் இறங்கிவிடும். 12,000இலிருந்து 15,000க்குப் போவதால் கிடைக்கும் கூடுதல் உரப்பு 2 டெசிபெல் மட்டுமே. பாரின் வழுக்கலில் மினுங்கும் ஒளியை அந்த 2 டெசிபெலுக்காக இழக்க வேண்டாம்.

அடுத்த சுருளைச் சுற்றும்போது 6,000, 8,000, 10,000 சுற்றுகளில் ஒவ்வொரு முனையை வெளியே இழுத்து வைத்துவிட்டால், ஒரே சுருளில் நான்கு பிக்கப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். இணைக்காமல் விட்ட சுற்றுகளும் சிறிது மின்தேக்குத்திறனைச் சேர்க்கும் என்பதால், இறுதியில் தேர்ந்த எண்ணிக்கையில் தனியாக ஒன்று சுற்றிக்கொள்வது நல்லது. பாலியூரித்தேன் பூச்சுள்ள கம்பி என்றால் சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே பூச்சு கரிந்துவிடும். மற்ற பூச்சுகளைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். முடி போன்ற இந்தக் கம்பியில் அந்த நொடியில்தான் பெரும்பாலும் அறுபடும்.

உடலைத் தட்டும் சத்தம் கேட்பதற்குக் காரணம், தளர்வாக அமர்ந்த சுற்றுகளும் சரியாக ஒட்டாத காந்தமும் தாமே அசைவது. உருகிய மெழுகில் சுருளை மூழ்கவைத்தால் இது அடங்கும். பாரஃபின் நான்கு பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில், வெப்பமானியைப் பார்த்தபடி 65 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். நேரடித் தீயில் மெழுகை ஒருபோதும் வைக்காதீர்கள், அது பற்றிக்கொள்ளும். இதற்கு மேல் சூடேறினால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபினும் கோணிவிடக்கூடும். காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்துவிடலாம்.

ஆனால் மெழுகைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு இறுகிய சுருளிலிருந்து சுற்றுகளைப் பிரிப்பது மிகக் கடினம். உங்களுடைய 12,000இல் சில ஆயிரங்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். சோதனைக் கட்டையில் 25, 30, 35 மில்லிமீட்டர்களில் செய்த பதிவுகளைக் கேட்ட பின், நீங்கள் எந்த இடத்தைத் தேர்ந்தீர்கள் என்றும், 24ஆம் கட்டத்தில் அந்த வெறுமை எவ்வளவு குறைந்தது என்றும் எழுதுங்கள். எத்தனை சுற்றுகளைப் பிரிப்பது என்பதை அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்