சுந்தராம்பாள் ஏன் இவ்வளவு குறைவாக நடித்தார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு தேவிபட்டினம். எங்கள் அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டார்கள். அவர்களுக்கு கே.பி. சுந்தராம்பாள் என்றால் உயிர். டிவியில் 'பழம் நீயப்பா' வந்தால் அடுப்பில் மீன்குழம்பு கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "நந்தனாருக்கு லட்ச ரூபா வாங்குனவ" என்று சொந்தக்காரியைப் போலச் சொல்வார்கள். தேடிப் பார்த்தால் அந்த அம்மா நடித்தது மொத்தம் ஒரு டஜன் படம்தான் தேறுகிறது. அவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவுதானா? கணவர் கிட்டப்பா போன துக்கத்தில் ஒதுங்கிவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

— ஒரு வாசகி, தேவிபட்டினம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பத்தா சொன்னது கதையில்லை. 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் கேட்டவன் வாயைப் பிளந்திருப்பான். ஆனால் எனக்குப் பணத்தைவிட வேஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதில் அவர் நந்தனாராகவே நடித்தார், ஆண் வேஷம். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பரில். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்று கட்டிய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. இன்னொரு ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். அப்புறம் அவர் போட்ட வேஷங்களைப் பாருங்கள். நந்தனார், மணிமேகலை (1940), அவ்வையார் (1953), பூம்புகாரில் கவுந்தி அடிகள் (1964), திருவிளையாடலில் மறுபடியும் அவ்வை (1965). பக்தன், பிக்குணி, கிழவி, சமணத் துறவி. காதலி வேஷம் ஒன்றுகூட இல்லை. வருஷத்துக்கு நாலு காதல் கதை எடுக்கும் ஒரு தொழிலில், இந்த நிபந்தனையோடு ஒரு டஜன் படம் கிடைத்ததே அதிகம். 'அவ்வையார்' வந்தபோது அவருக்கு 44 வயதுதான். அந்த வயதில் நரைத்த தலையும் கையில் கோலுமாக ஒரு முழுப்படத்தைத் தூக்கி நிறுத்தினார்.

துக்கம் உண்மை. 'ஒதுங்கினார்' என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படம் இல்லாத வருஷங்களில் கச்சேரி பாடினார், இசைத்தட்டு கொடுத்தார், காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்தார், 1951-இல் சட்ட மேலவைக்கும் போனார். சினிமாவில் இல்லாத ஆளை வீட்டில் சும்மா இருந்த ஆளாக எழுதுவது சினிமா எழுதுகிறவர்களின் பழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது தொழில் சம்பந்தப்பட்டது. அவர் தொண்டை மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் பழுத்தது. கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும், கேட்டால்தான் 'ஒன்ஸ்மோர்'. பேசும்படம் வந்த புதிதில் சினிமாவுக்கு இந்தத் தொண்டைதான் வேண்டியிருந்தது. நடிக்கிறவரே காமிரா முன்னால் நின்று பாட வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் படத்தில் விழாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும், மைக் தலைக்கு மேலே எங்கோ மறைந்திருக்கும். சரணத்தில் ஒரு சொல் பிசகினால் பல்லவியிலிருந்து மறுபடி. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் வந்தது. அதன்பிறகு முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துபோனது. பாடத் தெரியாத அழகிக்கும் பாட்டு கிடைத்தது. பாடி நடித்த பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், எம்.எஸ். சுப்புலட்சுமிகூட 'மீரா'வோடு நடிப்பதை விட்டுவிட்டார். சுந்தராம்பாள் மட்டும் 1964-இல் திரும்பி வந்து, தன் பாட்டைத் தானே பாடி நடித்தார். இதில் ஒரு வேடிக்கை. 1969-இல் வந்த 'துணைவன்' படத்துக்காக தேசிய விருது கொடுத்தார்கள், சிறந்த பின்னணிப் பாடகி என்று! யாருக்குப் பின்னணி?

நம்ம கரைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மேடையில் சேர்ந்தது இலங்கையில்தான். அன்று கொழும்புக்கு நாடகம் போட நம்மூர்க் கலைஞர்கள் போன வழி போட் மெயில். பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போயிற்று. 'வாழ்க்கை என்னும் ஓடம்' என்று அவர் பூம்புகாரில் பாடியதும் அதே வருஷம்தான். கடலுக்கு ஆள் அனுப்பிய வீட்டில் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று உங்கள் அப்பத்தாவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நான் சுந்தராம்பாளைக் கேட்டது தொண்டியில், எங்கள் அய்யாவின் கிராமபோன் பெட்டியில். உப்புக்காற்றுக்கு ஊசி சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்று, ஊசி டப்பாவைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பார். பாட்டு கேட்க ஆசை வந்தால் முதலில் பானைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஆச்சி திட்டிக்கொண்டே இருப்பார். சாவி கொடுத்து, ஊசியை வைத்ததும் கொஞ்ச நேரம் கரகரப்பு, அப்புறம் அந்தக் குரல். மூன்று நிமிஷத்தில் தட்டு முடிந்துவிடும். சாவி தளர்ந்து தட்டு மெதுவாகும்போது மற்றவர்கள் குரல் ஆண்குரல் மாதிரி ஆகிச் சிரிப்பு வரும். சுந்தராம்பாள் குரல் அப்போதும் நந்தனார் மாதிரிதான் இருக்கும். யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அப்பத்தா பாடியதை வீட்டில் யாராவது செல்போனில் பிடித்து வைத்திருந்தால் அனுப்புங்கள். சுருதி எப்படி இருந்தாலும் சரி.