எல்டன் ரிங்கை நண்பருடன் சேர்ந்து ஆடினால் அந்தத் தனிமையும் பயமும் போய்விடாதா?

கேள்வி கேட்டவர் எல்டன் ரிங் என்ற வீடியோ கேமைப் புதிதாக வாங்கியிருக்கிறார். கல்லூரி நண்பர் ஒருவர் முதல் நாளிலிருந்தே கோ-ஆப்பில், அதாவது ஆன்லைனில் ஒரே அணியாக, சேர்ந்து ஆடலாம் என்கிறாராம். ஆனால் அந்த உலகத்தில் தனியாக அலைவதுதான் இந்த கேமின் உயிர் என்று இன்னும் சிலர் சொல்லிவிட்டார்கள். இரண்டில் எது சரி என்று கேட்கிறார்.

சேர்ந்து ஆடுங்கள். அந்தச் சூழல் கெடாது. ஆனால் முதல் நாளிலிருந்தே வேண்டாம், மைக்கை ஆன் செய்து பேசிக்கொண்டே ஆடவும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். டார்க் சோல்ஸ் காலத்திலிருந்து, எல்டன் ரிங்கைச் செய்த ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கேம்களை ஆடிவருகிறேன். பாதி நேரம் தனியாக, பாதி நேரம் கொடுங்கையூரில் இருக்கும் சித்தி பையனோடு. இந்த இரண்டு விதத்தையும் நன்றாக அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த கேம்களில் கோ-ஆப் என்பது பிறகு ஒட்டவைத்த வசதி இல்லை. அந்தத் தனிமைக்குள்ளிருந்தே முளைத்தது.

முதலில் அந்தத் தனிமை எப்படி வருகிறது என்று பாருங்கள். எல்டன் ரிங் உங்களை லிம்கிரேவ் என்ற புல்வெளியில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்காது. அருள் ஒளி ஒன்று ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான். பாதி நேரம் பின்னணி இசைகூட இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. காற்று, மழை, குதிரைக் குளம்பு. கிழக்கே மிஸ்ட்வுட் காட்டுக்குள் போனால் எங்கிருந்தோ ஓநாய் ஊளை கேட்கும். யார் ஊளையிடுவது என்று கண்டுபிடிப்பதே ஒரு கதை. அதே காட்டில் ஒரு கிணறு போன்ற கட்டடம், உள்ளே ஒரு லிஃப்ட். அது இறங்கும், இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் பூமிக்கு அடியில் தலைக்கு மேலே விண்மீன்கள். சியோஃப்ரா நதி. அந்த இடத்தை முதல் தடவை பார்க்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசில்லை.

எங்கள் பக்கம் ராத்திரியில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும். அதனால் நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம் என்பேன். இந்த கேமில் காதுதான் கண்ணுக்கு முன்னால் ஆபத்தைப் பார்க்கும்.

சரி, கோ-ஆப்புக்கு வருகிறேன். இந்த கேம்களை இயக்கிய ஹிதெடாகா மியாசாகி, 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் கேமில்தான் இந்த முறையைக் கொண்டுவந்தார். அதற்கான யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு நாள், மலைச்சாலை ஏற்றத்தில் அவருடைய கார் சறுக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த கார்களும் மாட்டிக்கொண்டன. ஒரு கார் முன்னால் இருந்த காரை முட்டித் தள்ளி மேலே ஏற்ற, அப்படியே ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு ஏறியிருக்கிறார்கள். அவருடைய காரும் ஏறிவிட்டது. ஆனால் தள்ளியவர்களுக்கு நன்றி சொல்ல நிறுத்த முடியாது, நிறுத்தினால் மறுபடி சறுக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வரிசையில் கடைசியாக நின்றவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று யோசித்துக்கொண்டே போனாராம். உதவியவர்களை இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்றும்.

இதைப் படித்தபோது எனக்குப் பனி எதுவும் தோன்றவில்லை, எங்கள் கணேசபுரம் சுரங்கப்பாதைதான் தோன்றியது. வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒரு ஆட்டோ நடுவில் நின்றுவிட்டால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் இறங்குவார்கள். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். "அண்ணே, கியர நியூட்ரல்ல போடு" என்று ஒரு குரல், அப்புறம் தள்ளல். மேட்டில் ஏறி இன்ஜின் உயிர் பிடித்ததும் அந்த டிரைவர் நிறுத்த மாட்டார். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தள்ளியவர்களும் அதை எதிர்பார்த்து நிற்க மாட்டார்கள். டார்க் சோல்ஸிலும் எல்டன் ரிங்கிலும் நடப்பது அப்படியே இதுதான். ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, இருக்கும் வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு எழுத்து மின்னும், எல்டன் ரிங்கில் அது பொன்னிறம். யாரோ ஒருவர் தன் உலகத்திலிருந்து எழுதி வைத்தது. அதைத் தொட்டால் அவர் ஒளியுருவமாக உங்கள் உலகத்துக்கு வருவார். பேச்சு கிடையாது, தலைவணங்குவது, கை தூக்குவது போன்ற சைகைகள்தான். சேர்ந்து சண்டை. பாஸ் விழுந்த சில நொடிகளில் அவர் கரைந்து போய்விடுவார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

இதனால்தான் தனிமை கெடுவதில்லை என்கிறேன். வந்தவர் தங்க மாட்டார் என்று தெரிந்தே நீங்கள் அழைக்கிறீர்கள். அவர் போன பிறகு அந்த இடம் முன்பைவிட இன்னும் வெறிச்சென்று இருக்கும்.

இன்னொரு விஷயம், ஆள் சேர்ந்தால் கேம் சுலபமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதன் விதிகளைக் கவனிப்பதில்லை. ஒருவரை அழைத்த உடனே உங்கள் குதிரை டோரன்ட் கிடையாது, இருவரும் நடந்துதான் போக வேண்டும். ஆவிச் சாம்பலை வைத்துத் துணைக்கு ஆவிகளை வரவழைப்பதும் முடியாது. பாஸின் உயிர் கூடும். வந்தவருடைய மருந்துக் குப்பிகள் பாதியாகக் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் தனியாக இருக்கும்வரை இன்னொரு ஆட்டக்காரர் உங்கள் உலகத்துக்குள் படையெடுத்து வர முடியாது, நீங்களாக அதற்கென்று ஒரு பொருளைப் பயன்படுத்தினால் தவிர. நண்பரை அழைத்துவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடுகிறது. செந்நிற உருவம் ஒன்று எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்திருப்பது மனிதன், கேமின் அரக்கன் இல்லை. அவன் சுவருக்குப் பின்னால் காத்திருப்பான், அரக்கர்கள் நடுவில் ஒளிந்துகொள்வான், நீங்கள் ஓய்ந்த நேரம் பார்த்து அடிப்பான். துணைக்கு ஆள் வந்ததாலேயே பயம் கூடுகிறது. இப்படி யோசித்துச் செய்த கோ-ஆப்பை வேறு எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

மலேனியா என்ற பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய உயிர் திரும்ப ஏறும். கேடயத்தால் தடுத்தாலும் ஏறும். அதனால் துணைக்கு வருபவர் சரியாக ஆடத் தெரியாதவராக இருந்தால், அவர் வாங்கும் அடியெல்லாம் அவளுக்கு மருந்து. 2022-இல் ஒரு ஆட்டக்காரர் இந்த மலேனியாவிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு உதவ என்றே தன் எழுத்தைப் போட்டு வைத்துக் காத்திருந்தார். உடம்பில் கவசம் இல்லை, தலையில் ஒரு ஜாடி, இரண்டு கையிலும் வாள். அவர் வைத்துக்கொண்ட பெயர் 'லெட் மீ சோலோ ஹெர்'. அழைத்தவர் ஓரமாக நிற்க, இவர் தனியாக அவளை முடித்துவிட்டு மறைந்துவிடுவார். நூற்றுக்கணக்கானோருக்கு இப்படிச் செய்திருக்கிறார். வெளியீட்டு நிறுவனமான பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜமான வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. எந்தப் பரிசையும் எதிர்பார்த்து அவர் அதைத் தொடங்கவில்லை. அந்த உலகத்தின் பயங்கரம் அவ்வளவு உண்மையாக இருந்ததால்தான் அவருடைய உதவிக்கும் அவ்வளவு மதிப்பு.

கதைக்குள்ளேயும் இதை வைத்திருக்கிறார்கள். கேலிட் என்ற சிவந்த, அழுகிய நிலத்தில் ரெட்மேன் கோட்டையில் ஒரு திருவிழா நடக்கும். ராடான் என்ற மாவீரன், நோயில் அறிவிழந்து கடற்கரை மணலில் அலைகிறான். அவனுக்கு மரியாதையான சாவைக் கொடுக்கத்தான் அந்த விழா. அந்தப் போர்க்களத்தில் மணல் முழுக்கப் பொன்னிற எழுத்துகள் மின்னும், கதையில் நீங்கள் ஏற்கெனவே சந்தித்தவர்கள் சிலரும் வந்து இறங்குவார்கள். விழுந்தாலும் மறுபடி அழைக்கலாம். பேச்சஸ் என்ற ஒருத்தன் மட்டும் வந்த வேகத்தில் ஓடிப்போய்விடுவான். இதைத் தயவுசெய்து முதல் தடவை தனியாக ஆடுங்கள்.

அப்படியானால் சூழலைக் கெடுப்பது எது? என் அனுபவத்தில் போன் கால்தான். ஏற்கெனவே முடித்த நண்பர் ஒருவர் காதுக்குள் "இடது பக்கம் திரும்பு, பெட்டி இருக்கு, அந்தப் பாலத்துல ஓடு, மேலருந்து ஒருத்தன் குதிப்பான்" என்று சொல்லிக்கொண்டே வந்தால், உங்களுக்கு எதுவுமே மிச்சமிருக்காது. ஆபீஸ் கதையும் அஜித் படமும் பேசிக்கொண்டே ஸ்டார்ம்வீல் கோட்டையைக் கடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டால் அந்தக் கோட்டை ஞாபகமே இருக்காது.

நானும் என் தம்பியும் (அந்தச் சித்தி பையன்தான்) ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். எந்த இடமானாலும் முதலில் அவரவர் தனியாகச் சுற்ற வேண்டும். பாஸ் வாசலுக்கு வந்து முட்டி மோதிப் பார்த்த பிறகுதான் மற்றவரை அழைக்கலாம். "அண்ணா, சைன் போட்டுட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், சைன் என்பது அந்தத் தரை எழுத்துதான். அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை இரண்டு பேருக்கும் மைக் கிடையாது. அவன் என் திரையில் பொன்னிறமாக எழுந்து வந்து ஒரு வணக்கம் போடுவான். கொடுங்கையூரில் அவன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும், ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவன் எனக்கு வேறு உலகத்திலிருந்து வந்தவன். அவனுடைய குப்பி தீர்ந்துவிட்டது என்று அவன் சொல்லாமலே அவன் பின்வாங்கும் விதத்தில் புரியும். நான் முன்னால் போய் அடியை வாங்கிக்கொள்வேன். பேச்சு இல்லாததால்தான் இந்தக் கவனிப்பு வருகிறது என்று நம்புகிறேன். முடிந்த பிறகு போன் செய்து அரை மணி நேரம் கத்துவோம், அது வேறு.

நடைமுறை விஷயங்கள் சில. நண்பரிடமும் அதே வகை மெஷின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிசியில் ஆடுபவரும் பிளேஸ்டேஷனில் ஆடுபவரும் சேர முடியாது. பிஎஸ்4, பிஎஸ்5 ஒன்றாக ஆடலாம். இருவரும் மல்டிபிளேயர் மெனுவில் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டால் ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தெரியும், லெவல் வித்தியாசம் இருந்தாலும் கேமே சரிசெய்துகொள்ளும். எழுத்துகளைப் பார்க்க ஒரு மருந்து வேண்டும். எல்லே தேவாலயத்தில் இருக்கும் காலே என்ற வியாபாரியிடம் 300 ரூன் (கேமுக்குள் புழங்கும் காசு) கொடுத்துக் கைவினைப் பை வாங்கினால், எர்ட்லீஃப் பூ இரண்டை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். பாஸை வென்றால் அது அழைத்தவருடைய உலகத்தில் மட்டும்தான் கணக்கு. நண்பருடைய உலகத்தில் அதே பாஸ் இன்னும் நின்றுகொண்டிருக்கும், அங்கே போய் நீங்கள் உதவ வேண்டும். இன்டர்நெட்டை முடிந்தால் வைஃபையில் இல்லாமல் ஒயர் போட்டு எடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கரன்ட் போனால் என் தம்பி சண்டை நடுவில் அப்படியே காணாமல் போவான், அதற்கு மட்டும் மருந்து கிடையாது.

பிசியில் சீம்லெஸ் கோ-ஆப் என்று ரசிகர் ஒருவர் செய்த மாட் (கேமை மாற்றியமைக்கும் இணைப்பு) இருக்கிறது. அதில் தொடக்கம் முதல் முடிவுவரை நண்பருடன் பிரியாமல் ஆடலாம், குதிரையும் உண்டு. நன்றாகச் செய்திருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்தவர் போகவே மாட்டார் என்னும்போது நான் மேலே சொன்ன எதுவும் அதில் இருக்காது. கேமை ஒருமுறை முடித்த பிறகு, இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பருக்கு அவ்வளவு பொறுமை இல்லை, உடனே சேர்ந்து அடித்துப் பிடித்து ஆட வேண்டும் என்றால், 2025 மே மாதம் வந்த எல்டன் ரிங் நைட்ரெய்ன் அவருக்குச் சரியாக இருக்கும். மூன்று பேர் ஒன்றாக ஓடுவதற்கென்றே செய்தது. சுற்றி எரியும் வளையம் சுருங்கிக்கொண்டே வரும், நின்று வேடிக்கை பார்க்க நேரமே இருக்காது. அதை அவரோடு ஆடுங்கள். பழைய எல்டன் ரிங்கில் லிம்கிரேவையும் தெற்கே மழை பெய்துகொண்டிருக்கும் வீப்பிங் தீபகற்பத்தையும் தனியாகச் சுற்றி முடியுங்கள். ஸ்டார்ம்வீல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் உங்களை அடித்துத் துவைத்த பிறகு அவரை சைன் போடச் சொல்லுங்கள்.