கும்பகோணத்தில் கோவில் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி: அலுவலக வேலையாக இரண்டு நாள் கும்பகோணம் போகிறேன். ஊரின் நடுவிலேயே தங்கல். கோவில் பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அங்கே இருப்பவர்கள் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், என்னென்ன விசேஷங்கள் நடக்கும்?

பிறந்ததும் பிளஸ் டூ வரை படித்ததும் கும்மோணத்தில்தான். (ஊர்க்காரர்கள் வாயில் 'கும்பகோணம்' வராது.) இப்போது சென்னைவாசி. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகாவிட்டால் அம்மா விடமாட்டாள். அந்த உரிமையில் சொல்கிறேன்: எங்கே போவது என்பதை விட, எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் அங்கே முக்கியம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்காமல் மதியம் ஒன்றரை மணிக்குப் போய் இறங்கினார். கோவில் நடை சாத்தியாகிவிட்டது. பாத்திரக்கடை முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே படுத்திருந்தார். "என்ன சார், ஊரே தூங்குது?" என்று எனக்குப் போன் பண்ணினார். ஆமாம், தூங்கும். மதியம் சாத்தின நடை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். சந்நிதித் தெருக் கடைகளுக்கும் அதுதான் கடிகாரம்.

அதனால் காலையில் ஆறு மணிக்கே எழுந்துவிடுங்கள். பொற்றாமரைக் குளத்தங்கரைக்குப் போங்கள். மேற்கே கும்பேஸ்வரன் கோவில், கிழக்கே சாரங்கபாணி கோவில், நடுவில் குளம். சாரங்கபாணியின் 11 நிலைக் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறிவரும். பால்காரர், பூக்காரம்மா, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகும் ரிட்டயர்டு வாத்தியார்கள், எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் பட்டுவிடுவார்கள்.

அடுத்து காபி. சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும் பித்தளை டவராவும் பார்த்திருப்பீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். ஊருக்குள் பல இடங்களில் எவர்சில்வர் டம்ளரிலும் கண்ணாடி கிளாசிலும்தான் கொடுப்பார்கள். டிகிரி என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்து வாங்கியதால் என்பார்கள். முதல் டிகாக்ஷன் என்பதால் என்பார்கள். சிக்கரிதான் மருவி டிகிரி ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு. மூன்றில் எது நிஜமோ, நல்ல காபிக்கு வேண்டியது முதல் இரண்டும்தான்: தண்ணீர் படாத பசும்பால், முதலில் இறங்கின டிகாக்ஷன். பில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கிற இரண்டாம் டிகாக்ஷன் எங்கள் வீட்டில் வீட்டு மனுஷாளுக்கு, முதலாவது விருந்தாளிக்கு. என் சித்தப்பா மட்டும் தன்னையே விருந்தாளியாகப் பாவித்துக்கொள்வார்.

சாப்பாட்டில் நீங்கள் தேடிப்போக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடப்பா. ஆந்திரா ஊரோ தரையில் பதிக்கிற கல்லோ இல்லை, இட்லிக்குத் தொட்டுக்கொள்வது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்திருக்கும். தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து விட்டு, லவங்கம் பட்டை தாளித்து, இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிவார்கள். புளி கிடையாது, சாம்பார் பொடி கிடையாது. பார்க்க வெளுத்துப்போய், குருமாவுக்கும் கூட்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் கிடைக்காது. உட்கார்ந்ததுமே "இன்னைக்குக் கடப்பா உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வாய்ப்பு அதிகம். இல்லை என்றால் அடுத்த கடையில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரு ஹோட்டலில் நேற்றைய குருமாவில் கொஞ்சம் பருப்பைக் கரைத்து, கடப்பா என்று எனக்கே ஊற்றினார்கள். ஊர்க்காரனையே கும்பகோணம் பண்ணிவிட்டார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். (ஏமாற்றுவதற்குப் பேச்சு வழக்கில் அப்படி ஒரு பேர் உண்டு.)

பத்து மணிக்கு மேல் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வீட்டை எட்டிப் பாருங்கள். 1887-ல் அவர் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது இந்த வீட்டில். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. திண்ணை, ரேழி, ஜன்னலோரம் ஒரு கட்டில், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்தத் தெருவின் பழைய வீடுகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, பக்கத்து வீடுகளை எல்லாம் இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் ஊர் முழுசாக விழிக்கும். கும்பேஸ்வரன் கோவிலுக்குள் நுழைந்தால் நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் கடை. வளையல், குங்குமம், மரச்சொப்பு, ரப்பர் பந்து. சாமி கும்பிடப் போகிற குழந்தைகள் அங்கேயே மாட்டிக்கொண்டு அழும், நானும் அழுதிருக்கிறேன். வெளியே வந்தால் பாத்திரக்கடைகள். பித்தளை, வெண்கலம் எல்லாம் எடை போட்டுத்தான் விலை. கல்யாணச் சீர் வாங்க வந்த குடும்பம் ஒன்று எந்தக் கடையிலும் உட்கார்ந்திருக்கும். பெண்ணின் அம்மா ஒவ்வொரு குடத்தையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். அவர் முகத்தைப் பார்த்தே அந்தக் குடம் தேறியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

விசேஷங்கள் நீங்கள் போகிற மாதத்தைப் பொறுத்தது. மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை. கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028-ல். அந்தக் கூட்டத்தில் ஊரைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். வருஷா வருஷம் வருகிற மாசி மகம் போதும் என்பது என் கட்சி. சிவன் கோவில் சாமிகள் மகாமகக் குளத்தின் கரைகளில் வந்து நிற்க, உச்சி வேளையில் தீர்த்தவாரி. குளத்தைச் சுற்றியிருக்கும் 16 மண்டபங்களில் நிழல் பார்த்து இடம் பிடிப்பதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது அட்சய திருதியை. மற்ற ஊர்களில் அன்றைக்கு நகைக்கடையில் வரிசை நிற்கும். எங்கள் ஊரில் பெரிய தெருவில் பந்தல் போட்டு, 12 பெருமாள்கள் கருட வாகனத்தில் வரிசையாக நிற்பார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். யாராவது கையில் நீர்மோரைத் திணித்துக்கொண்டே இருப்பார்கள். (நகைக்கடையிலும் கூட்டம் இல்லாமல் இல்லை. பெருமாளைப் பார்த்துவிட்டு நேரே அங்கேதான் போவார்கள்.)

ஆடிப்பெருக்கு காவிரிப் படித்துறைகளில். அது ஆற்றில் தண்ணீர் வருவதைப் பொறுத்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் ஊர்ப் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும், கல்லணை தாண்டிவிட்டதா என்று டீக்கடையில் கணக்குப் போடுவார்கள். பெண்கள் காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். தண்ணீர் வராத ஒரு வருஷம் அம்மா கொல்லைப்புறக் குழாயடியிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டாள். கேலி செய்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்குச் சித்ரான்னத்தை மட்டும் கடைசியாகப் போட்டாள்.

ஒரு நாளைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஜூலை 16. 2004-ல் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போன நாள். நீங்கள் போகிற தேதி அதுவாக இருந்தால், காசிராமன் தெருப் பக்கம் படங்களுக்கு முன்னால் பெற்றோர்கள் பலகாரமும் பொம்மையும் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கேமராவை எடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள் மதியம் வேலை முடிந்துவிட்டால் வாழை இலைச் சாப்பாடு, அறையில் தூக்கம். ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போய்விடுங்கள்.

திரும்பும்போது வெற்றிலை வாங்க மறக்க வேண்டாம். 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதற்கு முன்பே அதன் பெருமை எங்களுக்குத் தெரியும். 'கொழுந்து வெற்றிலை' என்று கேட்டு வாங்குங்கள். இளம்பச்சையாக, மெலிசாக இருக்கும், காரம் நாக்கைச் சுடாது. கவுளிக் கணக்கில் கொடுப்பார்கள், அதாவது 100 இலை. அரைக் கவுளியும் கேட்கலாம். கடைக்காரர் வாழைச்சருகில் சுற்றித் தருவார், அதை பிளாஸ்டிக் பைக்கு மாற்றாமல் ஈரத்துணியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே வாங்கி ரூமில் வைத்துவிடாதீர்கள், பஸ் ஏறப் போகிற வழியில் வாங்கினால் போதும்.