குதிரைக்குத் தோழி உண்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் குதிரையேற்றம் பழகும் இடத்தில் இரண்டு பெண் குதிரைகள் எப்போதும் ஒட்டிக்கொண்டே நிற்கும். போன மாதம் ஒன்றை விற்றுவிட்டார்கள். மற்றது வேலியோரமாக நடந்து நடந்து கனைக்கிறது, தீவனத்தைச் சரியாகத் தொடுவதில்லை. ‘தோழியைத் தேடுது’ என்கிறார் லாயத்துக்காரர். மிருகத்துக்கு நட்பு என்பதெல்லாம் நாமாக ஏற்றிச் சொல்வதுதானே?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

நான் லாயத்துக்காரர் கட்சி.

குதிரைக் கூட்டம் என்றதும் பிடரி பறக்க முன்னால் ஓடும் ஆண் குதிரைதான் நினைவுக்கு வரும். காலண்டர் படங்கள் செய்த வேலை. உண்மையில் கூட்டத்தைக் கட்டி வைத்திருப்பவை பெண் குதிரைகள். அவை வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடுவதால், சேர்ந்து மேய்பவை பெரும்பாலும் அக்கா தங்கைகள் அல்ல. எல்லாம் புகுந்த இடத்துச் சிநேகம்.

அந்தச் சிநேகத்துக்குக் கைமேல் பலனும் உண்டு. நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில் காட்டில் திரியும் குதிரைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, எலிசா கேமரன் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மற்ற பெண் குதிரைகளோடு நன்றாக ஒட்டியிருந்தவற்றுக்குக் குட்டிகள் கூடுதலாகப் பிறந்தன, பிழைத்தும் இருந்தன. ஆண் குதிரையின் தொல்லையும் அவற்றுக்குக் குறைவு. வயதோ, கூட்டத்தில் யார் பெரியவள் என்பதோ இதற்குக் காரணம் இல்லை.

சரி, நட்பு என்று எதை வைத்துச் சொல்வது? அடுத்த முறை போகும்போது பாருங்கள். இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று, கழுத்து முதுகோடு சேரும் மேட்டை ஒன்றுக்கொன்று முன்பற்களால் கொறிக்கும். புதிதாகப் பார்ப்பவர் சண்டை என்று நினைப்பார். பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் அதே இடத்தைக் கையால் சொறிந்து பார்த்தார்கள். இதயத் துடிப்பு இறங்கியது. வேறிடத்தில் சொறிந்தபோது இறங்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் முதுகைக் கொடுத்துவிடாது. அதற்கென்று ஒன்றிரண்டு பேர்தான். ஐஸ்லாந்துக் குதிரைகளிடம் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: தன் தோழி வேறொருத்தியோடு இப்படிக் கொறித்துக்கொண்டிருந்தால், நடுவே புகுந்து பிரித்துவிடும். இதை வாசித்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சு ஞாபகம் வந்தது.

சுவிட்சர்லாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது: வளர்க்கும் குதிரை வேறொரு குதிரையைப் பார்க்கவும், கேட்கவும், முகரவும் முடிய வேண்டும். நம் ஊரில் பல லாயங்களில் சுவர் கூரைவரை எழும்புகிறது.

முதலில் அந்தக் குதிரையை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தீவனம் மறுப்பது வயிற்றுவலியாகவும் இருக்கலாம். அது இல்லையென்றால் துணை தேடலாம், ஆனால் புதிதாக வருவதை முதல் நாளே அதே அடைப்பில் விடக்கூடாது. சில நாள் வேலிக்கு இருபுறமும் நின்று மோப்பம் பிடித்துப் பழகட்டும். அப்புறம் சேர்த்து விடும்போது, இரண்டு குதிரைக்கு மூன்று இடத்தில், தள்ளித்தள்ளிப் புல் போடச் சொல்லுங்கள். ஒன்று காதை மடக்கி விரட்டினாலும் மற்றதற்குப் போக இடம் இருக்கும்.