கற்பனை நோயாளியின் ரத்தக் கணக்கு

அன்புள்ள ஐயா,

சேலத்தில் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நோயியல் நடத்துகிறேன். ஏற்காடு காப்பித் தோட்டத்தில் செருப்பில்லாமல் வேலை செய்யும், சோகை பிடித்த பெண் என்று ஒரு கேஸ் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே, காலின் தோல் வழியே நுழைந்து குடலில் ரத்தம் குடிக்கும் ‘கொக்கிப்புழு’ என்றுவிட்டார்கள். பேசாமல் நிஜ நோயாளியின் கேஸையே பெயர் மாற்றிக் கொடுத்துவிடலாமா?

வாசகி, சேலம்

அன்புள்ள டாக்டர்,

பெயரை மாற்றினால் போதாது. மலையில் ஊர்கள் சிறியவை. வயது, தோட்டம், ரத்தம் ஏற்றிய மாதம் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். உங்கள் வகுப்பிலேயே அந்தப் பக்கத்துப் பிள்ளை இருக்கலாம். கற்பனைதான் சரி. ஆனால் ரத்த எண்களை மட்டும் மனம்போனபடி எழுதக் கூடாது.

ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள். பென்சில் செல்கள் (பென்சில்போல் நீண்ட சிவப்பணுக்கள்) நன்றாகத் தெரியும் ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தம்) ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற எண்களை எழுதுங்கள். ஹீமோகுளோபின் 6.2, சிவப்பணு 34 லட்சம், எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு) 64 என்று வைத்தால், இரண்டையும் பெருக்கி வரும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 21.8 வந்தே ஆக வேண்டும். பலரும் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கி 18.6 என்று போட்டுவிடுகிறார்கள். செல்லில் ஹீமோகுளோபின் நிறைந்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். 18.6 போட்டால் எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்பது), நிறைந்த செல்லுக்கு உரிய 33-க்கு ஏறிவிடும், ஸ்லைடிலோ செல்லின் நடு வெளுத்துக் கிடக்கும். கவனமான மாணவி அங்கேதான் குழம்பிப்போவாள், தப்பு அவளுடையது அல்ல.

இது தலசீமியா (பரம்பரையாக வரும் சோகை) என்று சொல்பவர்களை, எம்.சி.வி.யை 3.4-ஆல் (சிவப்பணு 34 லட்சம், அதாவது 3.4 மில்லியன்) வகுக்கச் சொல்லுங்கள். 18.8 வரும், 13-க்கு மேலே போனால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 6 என்பது அதை உறுதி செய்யும்.

முதல் தாளில் ‘38 வயதுப் பெண், படியேறினால் மூச்சு வாங்குகிறது’ என்பது மட்டும் போதும். தொழிலை எழுதாதீர்கள். “என்ன வேலை பாக்கறீங்கம்மா?” என்று கேட்பவருக்குத்தான் காப்பிப் பழம் பறிப்பது தெரிய வேண்டும். இரண்டாம் தாளில் ரத்த எண்கள். வெள்ளணு 9,800, ஈசினோஃபில் (குடற்புழு இருந்தால் கூடும் வெள்ளணு வகை) 16 சதவீதம் என்பதை அடிக்கோடிடாமல் வரிசையோடு விட்டுவிடுங்கள். பாதிப்பேர் சிவப்பணுவிலேயே நின்று, ‘மாதவிடாய்ப் போக்கு அதிகம்’ என்று முடித்துவிடுவார்கள். காரணத்தை எழுதி வாங்கிய பிறகே அடுத்த தாள். மலப் பரிசோதனை முடிவு, கேட்டவருக்கு மட்டும்.

இரும்பு மாத்திரையோடு நிறுத்தியவரிடம் புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மி.கி. ஏன் வேண்டும் என்று கேளுங்கள். கொக்கிப்புழுவில் இரண்டு வகை: நெக்கேட்டர் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும், ஆன்கைலோஸ்டோமா 0.2 மில்லி வரை. முட்டையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எனவே நூறு புழுவுக்கு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.